பவுத்திரம்: தசையை அறுக்காமல் சரி செய்ய முடியுமா? லேசர் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் விஷயம்

சென்னை,

மயிலாப்பூர் லஸ் கார்னர், தி.நகர் பஸ் நிலையம், அடையாறு சிக்னல் என்று எங்கே நின்றாலும் இந்த விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. சுவரில் ஒட்டிய நோட்டீசாக இருந்தால் மூலம், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே நிரந்தர குணம் என்று இருக்கும். பளபளக்கும் பேனராக இருந்தால் லேசர் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு போகலாம் என்று இருக்கும்.

இரண்டையும் படித்துவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல் தவிப்பவர்கள் ஏராளம். கட்டிய மனைவியிடம் கூட சொல்ல கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் மூடி மறைப்பவர்களும் உண்டு. வேறு நோய் என்றால் பத்து பேரிடம் விசாரிப்போம். இதை யாரிடம் போய் கேட்பது? அந்த கூச்சம்தான் போலி டாக்டர்களுக்கு முதலீடு.

பணம் போவது ஒரு பக்கம். தவறான கையில் சிக்கினால் மலத்தை அடக்கும் சக்தியே போய்விடும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. அந்த சக்தியை காப்பாற்றிக்கொண்டே பவுத்திரத்தை சரி செய்ய இப்போது பல முறைகள் வந்துள்ளன. அவை எல்லோருக்கும் தேவையா, எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சூட்டுக்கட்டி என்று நினைத்து...

ஆசனவாயின் உள்ளே சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் வட்டமாக சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அடைத்துக்கொண்டு கிருமி புகுந்தால் சீழ் கட்டும். அந்த சீழ் வெளியேற வழி தேடி, சதையை துளைத்துக்கொண்டு வந்து ஆசனவாய் பக்கத்து தோலில் கட்டியாக எட்டிப் பார்க்கும்.

நம்ம ஊரில் இதற்கு வைக்கும் பெயர் சூட்டுக்கட்டி. விளக்கெண்ணெய் தடவுவது, இளநீர் குடிப்பது, மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி போடுவது என்று நாள் ஓடும். ஒரு நாள் கட்டி உடைந்து சீழ் வந்ததும் வலி போயிடும். சரியாயிடுச்சு என்று ஆள் நிம்மதி ஆகிவிடுவார்.

சிலருக்கு உண்மையிலேயே அத்துடன் சரியாகி விடும். ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்கு, சீழ் வந்த வழி மூடாமல் ஒரு குழாய் மாதிரி அப்படியே நின்றுவிடும். ஒரு வாய் உள்ளே, இன்னொரு வாய் வெளியே. எலி வளை மாதிரிதான். இதுதான் பவுத்திரம். ஆயுர்வேதத்தில் பகந்தரம், ஆங்கில மருத்துவத்தில் பிஸ்டுலா என்கிறார்கள்.

வெளி ஓட்டை அவ்வப்போது மூடிக்கொள்ளும். உள்ளே சீழ் சேர்ந்ததும் மறுபடி வீங்கி உடையும். உள்ளாடையில் ஈரம், சீழ் கறை, அரிப்பு, மாசம் ஒரு தடவை அதே இடத்தில் கட்டி என்று இருந்தால் சந்தேகப்பட வேண்டியது பவுத்திரத்தைத்தான். மாத்திரையால் சீழ் குறையுமே தவிர, குழாய் மறையாது.

30 வயது முதல் 50 வயதுக்குள், அதிலும் ஆண்களுக்கு இது அதிகம். கோழிக்கறி சாப்பிட்டதால் வந்தது, காரம் சாப்பிட்டதால் வந்தது என்று சொல்வதெல்லாம் கதை. சிகரெட், சர்க்கரை நோய், அதிக எடை ஆகியவற்றுக்குத்தான் இதில் பங்கு உண்டு.

இன்னொன்று. மூலம் வேறு, பவுத்திரம் வேறு. மூலம் என்பது வீங்கிப்போன ரத்தக்குழாய். ஆரம்ப நிலை மூலத்துக்கு ஊசி போடும் முறை மருத்துவத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் நோட்டீஸ்காரர்கள் பவுத்திரத்துக்கும் ஊசி என்று சேர்த்து அடித்து விடுகிறார்கள். என்ன மருந்து என்றே தெரியாத ஊசியை அந்த இடத்தில் போட்டால் சதை வெந்து, ஒரு குழாய் இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளை விடும். தசையும் கெட்டு, தழும்பும் ஏறிய பிறகு எந்த டாக்டர் கையில் எடுத்தாலும் வேலை கடினம்தான்.

பாட்டியின் சுருக்குப்பை

இந்த நோயில் ஏன் இவ்வளவு பயம்? பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். வாயை சுற்றி கயிறு ஓடும். இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும். ஆசனவாயிலும் அதே வேலையை செய்ய இரண்டு வளைய தசைகள் இருக்கின்றன.

உள் வளையம் நம்மை கேட்காமலே எந்நேரமும் இறுக்கிப் பிடித்திருக்கும். தூங்கும்போதும் காவல் அதுதான். வெளி வளையம் நாம் நினைத்தால் இறுக்குவது. பஸ்சில் போகும்போது அவசரம் வந்தால் அடக்கிக்கொள்கிறோமே, அது வெளி வளையத்தின் புண்ணியம்.

பவுத்திர குழாய் இந்த தசைகளை துளைத்துக்கொண்டு போகிறது. பழைய ஆபரேஷனில் குழாயை அதன் நீளம் முழுவதும் கீறி திறந்துவிடுவார்கள். புண் அடியில் இருந்து ஆறி வரும். குழாய் தாழ்வாக ஓடி கொஞ்சம் தசையை மட்டும் தொட்டால் பிரச்சினை இல்லை. உயரமாக ஓடினால், குழாயை திறக்கும்போது தசையும் சேர்ந்து அறுபடும். அப்புறம் காற்று தங்காது, தண்ணீராக போனால் தாங்காது. சுருக்குப்பையின் கயிறு அறுந்த கதைதான். பேடு வைத்துக்கொண்டு வேலைக்கு போக வேண்டிய நிலை, கல்யாணம் காட்சிக்கு போக தயங்கும் நிலை எல்லாம் இதனால் வருவதுதான்.

கத்தி வைத்து திறக்கும் இந்த முறை புதுசும் அல்ல. பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயிக்கு 1686-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி பவுத்திர ஆபரேஷன் நடந்தது. செய்தவர் பெலிக்ஸ் என்ற சர்ஜன். ராஜாவின் மேல் கை வைப்பதற்கு முன், ஏழை நோயாளிகளிடம் பல மாதம் செய்து பழகிக்கொண்டாராம். ராஜா பிழைத்துக்கொண்டார். பழகப் பயன்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் மேப் வேண்டும்

லண்டன் செயிண்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியை சேர்ந்த டாக்டர் ஆலன் பார்க்ஸ் 1976-ம் ஆண்டு பவுத்திரத்தை நாலு வகையாக பிரித்தார். இரண்டு வளையத்துக்கும் நடுவில் மட்டும் ஓடுவது ஒன்று, இரண்டையும் துளைத்து வருவது இன்னொன்று, தசைக்கு மேலேயே ஏறி இறங்குவது, தசையை விட்டு விலகி வெளியே ஓடுவது. இன்றைக்கும் டாக்டர்கள் இதை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

எந்த வகை என்று வெளியில் இருக்கும் ஓட்டையை மட்டும் பார்த்து சொல்ல முடியாது. விரல் பரிசோதனையோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் குழாய் எவ்வளவு உயரம், எத்தனை கிளை, உள்ளே சீழ் தேங்கி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். தெரு தெரியாத ஊரில் மேப் இல்லாமல் போவது மாதிரிதான், ஸ்கேன் இல்லாமல் சிக்கலான பவுத்திரத்தில் இறங்குவது. குறிப்பாக ஏற்கனவே ஒரு தடவை ஆபரேஷன் ஆகி திரும்ப வந்தவர்கள் ஸ்கேன் எடுக்காமல் மேஜையில் படுக்கக்கூடாது.

தாழ்வான, ஒற்றை குழாய் என்று தெரிந்தால் பழைய முறையே போதும். 100 பேரில் 90 பேருக்கு மேல் சரியாகி விடுகிறது. அப்படிப்பட்டவருக்கும் தசையை காப்பாற்றுகிறோம் என்று சொல்லி லேசர் வைப்பது, கொசு அடிக்க கோடாலி எடுப்பது மாதிரி. செலவும் அதிகம், குணமாகும் வாய்ப்பும் பழைய ஆபரேஷனைவிட குறைவு. இந்த ஒரு விஷயத்தை எந்த பேனரும் சொல்வதில்லை.

தசையை அறுக்காத முறைகள் உண்மையில் தேவைப்படுவது மற்றவர்களுக்குத்தான். உயரமான பவுத்திரம் உள்ளவர்கள், பல தடவை ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவத்தில் கிழிந்து தசை ஏற்கனவே பலவீனமான பெண்கள் இதில் வருவார்கள். பெண்களுக்கு முன்பக்கம் தசை குறுகலாக இருப்பதால் அங்கே வரும் பவுத்திரத்தில் கத்தி வைக்க டாக்டர்களே யோசிப்பார்கள்.

கார நூல்: 21 பூச்சு

நம்ம நாட்டு வைத்தியத்தில் இதற்கு பேர் போனது கார நூல். ஆயுர்வேதக்காரர்கள் க்ஷார சூத்திரம் என்பார்கள். சுஸ்ருதர் பெயரால் வரும் நூலிலேயே இது பற்றி இருக்கிறது. இடையில் பழக்கம் விட்டுப்போக, 1960-களில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் டாக்டர் பி.ஜே.தேஷ்பாண்டே குழுவினர் மறுபடி கொண்டு வந்தார்கள்.

செய்முறை கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். கெட்டியான லினன் நூலில் இலைக்கள்ளி பாலை 11 தடவை பூசி காய வைப்பார்கள். அதன் மேல் கள்ளிப்பாலும் நாயுருவி சாம்பலில் எடுத்த காரமும் 7 தடவை. கடைசியில் கள்ளிப்பாலும் மஞ்சளும் 3 தடவை. மொத்தம் 21 பூச்சு. இந்த நூலை குழாய்க்குள் நுழைத்து இரண்டு முனையையும் வெளியே முடிச்சு போட்டு விடுவார்கள். வாரம் ஒரு தடவை புது நூல். குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வரும்.

இதை வெறும் நாட்டு வைத்தியம் என்று ஒதுக்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பல ஆஸ்பத்திரிகளில் கார நூலையும் ஆபரேஷனையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 1991-ம் ஆண்டு முடிவை வெளியிட்டது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு 4 வாரத்தில் புண் ஆறியது, நூல் போட்டவர்களுக்கு 8 வாரம் ஆனது. ஆனால் திரும்ப வந்தது ஆபரேஷனில் 100-க்கு 11 பேருக்கு, நூலில் 4 பேருக்குத்தான்.

கூலி வேலைக்கு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். படுக்கையில் கிடக்காமல் நூலோடு வேலைக்கு போகலாம். வாரா வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும். நூல் மாற்றும் அன்று எரிச்சலும் வலியும் இருக்கத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. தசையே அறுபடாது என்று சொல்லி கார நூல் போடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. நூலும் தசையை அறுக்கத்தான் செய்கிறது. மெதுவாக அறுப்பதால், அறுந்த முனைகள் விலகி ஓடாமல் தழும்பு பிடித்துக்கொள்கிறது என்பதுதான் இதன் சூட்சுமம். எனவே உயரமான பவுத்திரத்தில் நூல் போடுவதற்கு முன்னாலும் ஸ்கேன் வேண்டும், கை தேர்ந்த டாக்டரும் வேண்டும். நோட்டீஸ் ஒட்டும் ஆள் எந்த நூலை எந்த பாலில் முக்கினார் என்று யாருக்கு தெரியும்?

ஆங்கில மருத்துவத்திலும் நூல் உண்டு. மருந்து பூசாத நூலை அல்லது ரப்பர் இழையை தளர்வாக கட்டி விடுவார்கள். அது அறுக்காது. சீழ் தேங்காமல் வடிய மட்டும் வழி செய்யும். சில வாரம் அல்லது சில மாசம் கழித்து குழாய் காய்ந்ததும் அடுத்த கட்ட சிகிச்சை. நூலை கட்டிவிட்டு சும்மா அனுப்பிவிட்டார்கள் என்று கோபப்பட்டு டாக்டரை மாற்றுகிறவர்கள் நிறைய. அது பாதி வேலைதான், மீதி இனிமேல்தான் என்று நோயாளிக்கு சொல்லி அனுப்பினால் இந்த குழப்பம் வராது.

லிப்ட், கேமரா, லேசர்

லிப்ட் என்றால் மாடிக்கு போகும் லிப்ட் அல்ல. தாய்லாந்தில் பாங்காக் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழக டாக்டர் அருண் ரோஜனசகுல் 2007-ம் ஆண்டு வெளியிட்ட ஆபரேஷன். இரண்டு வளைய தசைகளுக்கும் நடுவில் இயற்கையாகவே ஒரு இடைவெளி இருக்கிறது. அதன் மேல் தோலில் சின்னதாக கீறி உள்ளே போய், குழாயை அங்கேயே பிடித்து இரண்டு பக்கமும் கட்டி நடுவில் வெட்டி விடுவார்கள். தசை மேல் கத்தியே படாது. உள்ளே இருந்து வரும் அசுத்தத்துக்கு வழி அடைபடுவதால் மீதி குழாய் தானாக ஆறும்.

முதலில் செய்த 18 பேரில் 17 பேருக்கு குணமானது. பிறகு பல நாடுகளில் பல பேருக்கு செய்தபோது 100-க்கு 60 முதல் 75 பேர் என்று இறங்கியது. இருந்தாலும் இதற்கு விலை உயர்ந்த மிஷின் எதுவும் வேண்டாம். ஊசி, நூல், பழகிய கை போதும். அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்ற முறை இதுதான் என்று தோன்றுகிறது.

இத்தாலி டாக்டர் பியர்கார்லோ மெய்னேரோ கொண்டு வந்தது வாப்ட் என்ற கேமரா முறை. 2006-ல் தொடங்கி 2011-ல் வெளியிட்டார். பென்சில் மாதிரி மெல்லிய கேமராவை குழாய்க்குள் விட்டு, டி.வி.யில் பார்த்துக்கொண்டே கிளைகளை கண்டுபிடித்து உள்பக்கமாக சுட்டு, உள் வாயை தையல் போட்டு மூடுவார்கள். கிளை விட்ட பவுத்திரத்தில் இது உபயோகம்.

லேசர் 2011-ல் ஜெர்மனி டாக்டர் ஆர்னே வில்ஹெல்ம் வெளியிட்டது. பைலாக் என்று பெயர். மெல்லிய கம்பியை குழாய்க்குள் விட்டு, முனையில் இருந்து சுற்றிலும் லேசர் பாய, விநாடிக்கு சுமார் 1 மில்லிமீட்டர் என்று மெதுவாக வெளியே இழுப்பார்கள். குழாய் வெந்து சுருங்கும். புண் சின்னது, வலி குறைவு, அன்றைக்கே வீட்டுக்கு போகலாம். இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் இதில் டாக்டர் உள்ளே பார்ப்பதில்லை. கிளை இருந்தால் தப்பிவிடும். அகலமான குழாய் முழுசாக சுருங்காது. முதல் தடவையில் குணமாவது 100-க்கு 60 முதல் 70 பேருக்குத்தான். அதாவது மூன்று பேரில் ஒருவர் திரும்ப வரிசையில் நிற்க வேண்டி வரும். தசை கெடாததால் மறுபடி செய்துகொள்ள முடியும் என்பது ஆறுதல். ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்பதற்கும் ஒரே நாளில் குணம் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பன்றி குடலில் எடுத்த சவ்வை திரி மாதிரி சுருட்டி குழாயை அடைக்கும் பிளக் முறையும் உண்டு. ஆரம்பத்தில் ஆஹா ஓஹோ என்றார்கள். இங்கிலாந்தில் 304 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. ஒரு வருஷம் கழித்து பார்த்தால் பிளக் வைத்தவர்களில் 54 சதவீதம், டாக்டர் தன் இஷ்டப்படி வேறு முறையில் செய்தவர்களில் 55 சதவீதம் பேர் குணம். பிளக்குக்கு செலவு மட்டும் அதிகம்.

நம்ம நாட்டிலும் புது முறை வந்திருக்கிறது. அரியானா மாநிலம் பஞ்ச்குலாவை சேர்ந்த டாக்டர் பங்கஜ் கார்க் 2017-ல் டிராபிஸ் என்ற முறையை வெளியிட்டார். இரண்டு தசைக்கும் நடுவில் தேங்கும் சீழை ஆசனவாய் வழியாகவே உள்ளே திறந்துவிட்டு, வெளி வளையத்தை தொடாமல் விடுவது இதன் அடிப்படை.

ஆக, தசையை காப்பாற்றும் முறைகளில் குணமாகும் நிச்சயம் கொஞ்சம் குறைகிறது, அடக்கும் சக்திக்கு பாதுகாப்பு கூடுகிறது. இந்த பேரத்தை நோயாளியிடம் வெளிப்படையாக பேசி முடிவு எடுக்கும் டாக்டர்தான் நல்ல டாக்டர். நூற்றுக்கு நூறு உத்தரவாதம், கேரண்டி கார்டு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

டி.பி.யும் ஒரு காரணம்

பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தால், கத்தியை குறை சொல்வதற்கு முன் இன்னொன்றை பார்க்க வேண்டும். நம்ம நாட்டில் டி.பி. கிருமியாலும் பவுத்திரம் வரும். அப்படி வந்ததை எத்தனை தடவை அறுத்தாலும் ஆறாது. டி.பி. மாத்திரை கொடுத்தால்தான் ஆறும். அதனால் ஆபரேஷனில் எடுத்த சதையை குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி கேட்க வேண்டும்.

டி.பி. மாத்திரை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். டி.பி. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-ல் உலகத்துக்கு காட்டியதே நம்ம சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையம்தான்.

குடலை தாக்கும் குரோன்ஸ் நோயிலும் பவுத்திரம் வரும். வயிற்றுப்போக்கு, எடை குறைவு, பல ஓட்டைகள் என்று இருந்தால் குடல் டாக்டரையும் பார்ப்பது அவசியம். இவர்களுக்கு மருந்துதான் முதல், கத்தி பிறகு.

எங்கே போவது?

தென்சென்னை, மத்திய சென்னையில் இருப்பவர்களுக்கு பக்கத்திலேயே ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கலானது என்றால் சென்டிரல் எதிரே ராஜீவ்காந்தி அரசு ஆஸ்பத்திரி, 2023-ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி ஆகியவற்றை அணுகலாம். கார நூல் பற்றி கேட்க நினைப்பவர்கள் அரும்பாக்கம் அண்ணா ஆஸ்பத்திரியிலும், தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் விசாரிக்கலாம். நோட்டீசில் உள்ள நம்பருக்கு போன் போடுவதைவிட பஸ் பிடித்து இங்கே வருவது எவ்வளவோ மேல்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள் பேக்கேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். என் பவுத்திரம் எந்த வகை, எவ்வளவு தசையில் போகிறது, நீங்கள் சொல்லும் முறையில் எவ்வளவு தசை அறுபடும், திரும்ப வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், அதற்கு தனி பில்லா என்று கேட்க வேண்டும். இன்சூரன்ஸ் இருந்தால் இந்த முறைக்கு பணம் கிடைக்குமா என்பதை அட்மிட் ஆவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆபரேஷனுக்கு பிறகு தினமும் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய டப்பில் 10 நிமிஷம் உட்காருவது, கீரை, பழம், தண்ணீர் என்று மலம் இறுகாமல் பார்த்துக்கொள்வது எல்லா முறைக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்த இடத்தில் வலியோடு வீக்கம் வந்து காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தோல் கறுத்துப் போனால் இன்னும் அவசரம். சீழ் வேகமாக பரவி உயிருக்கே ஆபத்தாகி விடும். ராத்திரி ஆனாலும் 108-க்கு போன் செய்து அவசர சிகிச்சை பிரிவுக்கு போய்விட வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியில் செய்தாலும் டிஸ்சார்ஜ் ஆகும்போது என்ன முறை செய்தார்கள், உள் வாய் எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு தசை அறுபட்டது என்பதை எழுதித் தரச்சொல்லி, எம்.ஆர்.ஐ. படத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஈரம் கசிந்தால், அடுத்த டாக்டர் முதலில் கேட்பது அந்த பேப்பரைத்தான்.